எடுக்காத பொட்டலம்

புழு தின்கிற சத்தம் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்கு வருகிற ஒறம்பரை சனம் எல்லாம் சொல்வார்கள். எனக்கு அப்படிக் கேட்டதே இல்லை. தின்கிற சத்தம் மாதிரித்தான் கேட்கும். ஆயிரம் ஆயிரமாக வாய்கள் ஒரே நேரத்தில் மல்பரி இலையைக் கடித்தால் வேறு எப்படிக் கேட்கும். பட்டுப்புழு நாலு தடவை தோல் உரித்துவிட்டால் அப்புறம் ஒரு வாரம் தின்பதைத் தவிர அதற்கு வேறு எண்ணமே கிடையாது. பிறகு ஒரு நாள் தலையைத் தூக்கிக்கொண்டு இலையைத் தொடாமல் நிற்கும், கூடு கட்டும், கூட்டோடு வாங்கிக்கொண்டு போய் வெந்நீரில் போடுவார்கள். இப்போது நடப்பது அந்தத் தின்கிற வாரம். நான் இலைக் கட்டைப் பிரித்துத் தட்டுத் தட்டாகப் பரப்பிக்கொண்டு வருகிறேன். மணி ஒன்பதேகால். அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்கும் அங்கிருந்து மருந்துக் கடைக்கும் போயிருக்கிறார், பன்னிரண்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, புதன்கிழமை ஆப்பரேசனுக்கு வரலீங்க, அந்தக் கட்டில வேற யாருக்காச்சும் குடுத்துருங்க என்று சொல்லப் போகிறார். இன்றைக்குத் திங்கள். பன்னிரண்டு மணிவரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது. இருந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. புழு மனையின் மூலையில் சுண்ணாம்பு டப்பாவுக்குப் பின்னால் அந்தப் பொட்டலம் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே ஒரு வேலையாக இருக்கிறது.

கட்டியை முதலில் பார்த்தது நான்தான். பார்த்தது என்று சொல்லக் கூடாது, கையில் தட்டுப்பட்டது. ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டார் போட்டுவிட்டு நானும் அம்மாவும் தொட்டியில் குளிப்போம். குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற வேகத்தில் முதுகு வலிக்கும், அந்த வலி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருத்தருக்கொருத்தர் முதுகு தேய்த்துவிடுவோம். அன்றைக்கு சோப்பு வழுக்கிக் கை முன்னால் போய்விட்டது. புளியங்கொட்டை அளவு ஒன்று. என்னம்மா இது என்றேன். கொழுப்புக் கட்டி, கைய எடு, கூச்சமா இருக்குது என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததை நினைத்தால் இப்போது வாயில் ஏதோ கசப்பாக ஊறுகிறது. நாலு மாசம் கழித்து அது பாக்கு அளவு ஆகிவிட்டது. அப்புறம்தான் அப்பாவிடம் சொன்னேன், அம்மா சொல்லவில்லை. அப்பாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு வெட்கம். எனக்கென்ன வெட்கம். அம்மாவுக்கு மார்ல கட்டி இருக்குதுங்கப்பா என்று சோறு தின்கிறபோது சொன்னேன், அவர் கையிலிருந்த உருண்டையை அப்படியே தட்டில் வைத்தார். டவுன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா வளைக்காமல் நெளிக்காமல் சொன்னார். இப்பவே எடுத்தா பொழைக்கிறதுக்கு நெறைய வழி இருக்குது, ரெண்டு மாசம் தள்ளுனா அப்புறம் என்னால ஒண்ணும் உறுதியாச் சொல்ல முடியாது. எனக்கு அந்த டாக்டரம்மாவைப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படி ஒருத்தர்கூட வாய்க்கவில்லை. கேள்வி கேளுங்க, கேள்வி கேளுங்க என்பார் அறிவியல் சார், கேட்டால், கோகிலவாணி உக்காரு, பாடத்துல இருக்கறத மட்டும் கேளு என்பார். பதினொண்ணாவதோடு நின்றுவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானே நின்றேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது, இருக்கிற மாதிரி எல்லோரும் முகத்தை வைத்துக்கொள்வதுதான் எரிச்சல்.

டாக்டரம்மா தேதி சொன்ன உடனே அப்பா சரி என்று சொல்லவில்லை. ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றனுங்க என்றார். யாரிடம் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, வீட்டில பெரியவங்ககிட்ட என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அப்பாவைவிடப் பெரியவர் செல்லாண்டியம்மன்தான். அப்பா நல்ல மனுஷன், அம்மாவைக் கை நீட்டினது கிடையாது, எனக்குத் தெரிந்து பொய் சொன்னதும் அந்த ஒரு தடவைதான். ஆனால் பூக் கேட்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டார். வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும் வாழையிலையில் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி ஆத்தா காலடியில் வைப்பார்கள். வயசுக்கு வராத பெண்குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கட்டினவர்கள் எடுக்கக் கூடாது. யாருக்காகக் கேட்கிறோமோ அவர்கள் தொடவே கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம், மறுபடியும் போய் நின்றால் ஆத்தாளை நம்பவில்லை என்று ஆகிவிடும். போர் போடுவதற்குக் கேட்டார், வெள்ளை வந்தது, தண்ணீரும் வந்தது. கேக்காமப் போட்ட பக்கத்துக் காட்டுக்காரருக்குந்தான் தண்ணி வந்துச்சு என்றேன். அவனுது உப்புத் தண்ணி என்றார். தண்ணீருக்குக் கேட்டார், தொலையட்டும், தண்ணீர் இல்லாவிட்டால் இன்னொரு குழி. கட்டிக்குமா கேட்பது. பாதிக்குப் பாதி. என் அம்மா இருப்பதும் போவதும் ஒரு அஞ்சு வயசுக் குழந்தை எந்தப் பக்கம் கை நீட்டுகிறது என்பதில் இருக்கிறது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

அதனால், பொட்டலம் கட்டுகிறவள் நான்தானே, ரெண்டிலும் வெள்ளையை வைத்தேன். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை விடியாலை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், கிணற்று மேட்டில் இருக்கிற வெள்ளரளியில் எட்டுப் பூப் பறித்தேன், எட்டும் வெள்ளை. அப்பா கேட்டால் காட்டுவதற்கு ரெண்டு சிவப்பும் பறித்துக் கையில் வைத்திருந்தேன், அவர் கேட்கவே இல்லை, அதைச் சாணிக்குழியில் போட்டேன். நாரை மூன்று சுற்றுச் சுற்றி ரெண்டு முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து வெட்டினேன், நான் எப்போதும் அப்படித்தான், என் முடிச்சை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும் என்று அம்மா திட்டுவாள். கோயில் பக்கத்தில்தான், மொபெட்டில் அப்பாவும் அம்மாவும், நான் பின்னால் சைக்கிளில், தட்டு என் சைக்கிள் கூடையில். படியில் தட்டை வைத்தேன். பூசாரி சென்னியப்பன் அண்ணன் ஆத்தாளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், அப்பா தேங்காயை உரித்துக்கொண்டு கோயில் கிணற்றடிக்குப் போனார். வாணி, வண்டிப் பெட்டியில கற்பூரம் இருக்குது, போய் எடுத்துட்டு வா என்றாள் அம்மா. போனேன். பிறகு பூசை நடந்தது, பூசாரியின் பேத்தி தன்யா ஒரு கையில் முறுக்கோடு வந்தாள், முறுக்கைக் கீழே வை சாமி என்றார்கள், வைக்க மாட்டேன் என்றாள், இன்னொரு கையால் இடது பக்கம் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி அண்ணன் நாரை ஒரே இழுப்பில் உருவிப் பிரித்தார். உள்ளே சிவப்பு.

அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் சொல்வதற்கும் முடியாது. வெள்ளையை வைத்தவள் நான். சிவப்பு எங்கிருந்து வந்தது. எனக்குச் சாமி நம்பிக்கை இருக்கிறதா என்று யாராவது வியாழக்கிழமை கேட்டிருந்தால், திருவிழா பிடிக்கும், பொங்கல் பிடிக்கும், ராட்டினம் பிடிக்கும், மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஆத்தாளின் வெள்ளிக் கண்கள் என்னையே பார்த்தன. நீ ஏமாத்துனா எனக்குத் தெரியாதா என்று பார்த்தன. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார், போட்டுக்கொண்டே அழுதார், ஆத்தா வேண்டாங்கிறா துளசி, கத்தி வைக்க வேண்டாங்கிறா என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பொங்கல் கொடுத்தார்கள். வாழையிலையில் சூடாக, நெய் ஒழுக. தின்றேன். நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, அப்போதும் அது நன்றாகத்தான் இருந்தது, விரலை நக்கினேன்கூட. எடுக்காத பொட்டலத்தை அப்பா என் கையில் கொடுத்தார். பிரிக்காத, நேராப் போயி நம்ம கெணத்துல போட்டுரு கண்ணு. நான் போடவில்லை. கிணற்று மேட்டில் நின்றேன், கையை நீட்டினேன், விரல் விடவில்லை. தாவணிக்குள் வைத்துக்கொண்டு இங்கே வந்து சுண்ணாம்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மூன்று நாளாக அங்கேயே இருக்கிறது. புழு மனைக்குள் ஊதுபத்தி கொளுத்தக் கூடாது, சூடம் காட்டக் கூடாது, புகை பட்டால் புழு சுருண்டு செத்துவிடும். ஆத்தாளின் பொருளை ஆத்தா வர முடியாத இடத்தில் வைத்திருக்கிறேன். இதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று நாள் நான் நம்பினேன். இதை எழுதிக்கூடக் கொடுப்பேன். சனிக்கிழமை முழுக்க வாய்க்குள்ளேயே ஆத்தா மன்னிச்சுக்க ஆத்தா மன்னிச்சுக்க என்று சொல்லிக்கொண்டு இலை வெட்டினேன். வெட்டரிவாள் நழுவி விரலில் பட்டது, அதையும் அவள் கணக்கில் எழுதினேன். நோய் வந்த புழுவைப் பொறுக்கினேன். நோய் வந்த புழு தளர்ந்து வெளுத்துத் தொங்கும், அதைக் குச்சியால் எடுத்துச் சுண்ணாம்புக் குழியில் போட வேண்டும், விட்டால் பக்கத்தில் இருப்பதற்கெல்லாம் பரவிவிடும். தினமும் இதைச் செய்கிறேன், ஒரு நாளும் ஒன்றும் தோன்றியதில்லை. சனிக்கிழமை ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, இதைப் பொறுக்குவது யார், இதுதான் தளர வேண்டும் என்று சொன்னது யார் என்று மனசில் ஓடியது. இதற்கும் பூப் போட்டுப் பார்த்தார்களா. சரி, ஆத்தா வெள்ளையைச் சிவப்பாக்கினாள் என்றே வைத்துக்கொள்வோம். அவ்வளவு சக்தி இருக்கிறவள், பூவில் கை வைக்கிற நேரத்துக்குக் கட்டியில் கை வைத்திருக்கலாமே. இதை நினைத்ததும் பயத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்தேன், ரத்தம் வந்தது. நினைப்பைத் திருப்பி வாங்க முடிந்தால் வாங்கியிருப்பேன். ஒரு வேளை ஆத்தா சொல்வது உண்மையாக இருந்தால். கத்தி வைத்தால் அம்மா மேசையிலேயே போய்விடுவாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால். அப்படியானால் நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் அம்மாவைக் காப்பாற்றுவது. இந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிற நிம்மதி. அப்பாவுக்கு எப்போதும் இருப்பது இதுதானா.

ஆனால் கற்பூரம் வண்டியில் இல்லை. நேற்று ராத்திரி சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக்கொண்டிருந்தபோது சும்மா வந்து நின்றது இது. அன்றைக்கு வண்டிப் பெட்டியைத் திறந்தேன், துணி, ஸ்பேனர், பால் அட்டை, கற்பூரம் இல்லை. திரும்பி வந்து இல்லைம்மா என்றேன். இங்கதான் இருக்குது, தட்டுலயே வச்சுட்டேன், மறந்துட்டேன் என்றாள். அம்மா மறக்கிறவள் இல்லை. எந்தத் தட்டில் எத்தனை புழு மந்தமாக இருந்தது என்று மத்தியானம் கேட்டாலும் சொல்வாள். சரி, உடம்பு சரியில்லாதவள், மறந்திருக்கலாம். மாங்காயைத் தின்றேன், பல் கூசியது, நன்றாக இருந்தது, படுத்துவிட்டேன். கற்பூரம் வண்டியில் இல்லை. காலையில் எழுந்ததும் அதுதான். இலை வெட்டும்போது அதுதான். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பூசாரி அண்ணன் ஒரே இழுப்பில் பிரித்தார். என் முடிச்சை ஒரே இழுப்பில் யாராலும் பிரிக்க முடியாது, பல் வேண்டும், இல்லை கத்தி வேண்டும். ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வருவது பூக்கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சு, விரலில் ஒரு சுற்று, நுனியை உள்ளே விட்டு ஒரு இழுப்பு. எங்கள் வீட்டில் பூக்கட்டத் தெரிந்தது ஒருத்திதான். கோயில் மதிலோரம் ஆள் உயரத்துக்குச் சிவப்பரளி நிற்கிறது, படியிலிருந்து எட்டினால் கை படும். இல்லை. அம்மா தொட மாட்டாள். யாருக்காகக் கேட்கிறோமோ அவர்கள் தொடக் கூடாது. மாதவிலக்கு நாளில் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக்கூட நடக்காதவள் அவள்.

பெரியம்மா ஞாபகம் வருகிறது, வேண்டாம் என்றால் நிற்கிறதா. அம்மாவின் அக்கா, ருக்குப் பெரியம்மா. அவளுக்கும் இதுதான், இதே இடம். எனக்கு அப்போது ஒன்பது வயசு. அவளுக்கு எடுத்தார்கள். எடுத்த பிறகு எட்டு மாசம் இருந்தாள், அதில் நாலு மாசம் எங்கள் வீட்டு உள்ளறையில். தலைமுடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, ஒரு கை யானைக்கால் மாதிரி வீங்கி. அவளுக்குப் பீ மூத்திரம் அள்ளினது அம்மாதான். கதவைச் சாத்திக்கொண்டு செய்வாள், நான் ஓட்டை வழியாகப் பார்ப்பேன். ஒரு நாள் பெரியம்மா கேட்டது எனக்குக் கேட்டது. என்ன ஏன்டி அறுக்க உட்டீங்க துளசி, அப்படியே உட்டிருந்தா முழுசாப் போயிருப்பேன்ல. துணியைப் பிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. பெரியம்மா தள்ளிப்போட்டு ரெண்டு வருஷம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள், அதனால்தான் அப்படி ஆனது என்று டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மாவிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொள்வது வேறு, பார்த்தது வேறு.

மணி பத்தே முக்கால். கடைசித் தட்டுக்கும் போட்டுவிட்டேன். கை சும்மா இருக்கிறது. கை சும்மா இருந்தால் எனக்கு ஆகாது. எழுந்து போய் சுண்ணாம்பு டப்பாவை நகர்த்தினேன். பொட்டலம் சுருங்கி இருந்தது, இலை பழுப்பாகி ஓரம் காய்ந்து, எலி கடித்த மாதிரி. உள்ளே வெள்ளை இருந்தால் ஆத்தா ஒன்றை மட்டும் மாற்றினாள், அவள் இருக்கிறாள், பார்க்கிறாள், அம்மாவுக்குக் கத்தி கூடாது, நான் வாயை மூட வேண்டும். சிவப்பு இருந்தால் அவள் இந்தக் காரியத்தில் வரவே இல்லை. எது இருந்தால் எனக்கு நல்லது. சத்தியமாகத் தெரியவில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வெள்ளையாக இரு என்று வேண்டினேன். யாரை வேண்டினேன் என்று கேட்காதீர்கள். முடிச்சைப் பார்த்தேன். ஒரே சுற்று, சின்ன வளையம், அழகாக. நுனியைப் பிடித்து இழுத்தேன், நார் புழு மாதிரி நழுவி வந்துவிட்டது. உள்ளே நாலு பூ. வாடி ஒட்டிப்போய், ஓரமெல்லாம் கறுத்து, ஆனால் சிவப்பு. நாலும் சிவப்பு. புழு தின்றுகொண்டே இருந்தது.

வாசலில் நிழல். மனைக்குள் வருவதற்கு முன் கால் நனைக்கிற மருந்துத் தண்ணீரில் அம்மா கால் வைக்கிற சத்தம், முதலில் வலது, பிறகு இடது. கையில் தூக்குப்போசி, ஒரு காகிதத்தில் வர்க்கி. டீயில வர்க்கி தொட்டுத் திங்காம உனக்குப் பத்தரைக்கு மேல கண்ணு தெரியாதே என்று சொல்லிக்கொண்டே வந்தவள் என் உள்ளங்கையைப் பார்த்தாள். நான் மறைக்கவில்லை. அவளும் பதறவில்லை. போசியைக் கீழே வைத்தாள், மூடியில் டீயை ஊற்றினாள், என் பக்கம் நகர்த்தினாள். அப்புறம் தானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், வலது கையை மாரோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இப்போதெல்லாம் அப்படித்தான் உட்காருகிறாள்.

"கெணத்துல போடச் சொன்னாரல்ல" என்றாள்.

"போடல."

"நீ எதைத்தான் சொன்னபடி செஞ்ச."

"நீதான மாத்துன?"

"ஆமா."

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். மூன்று நாளாக நான் ஆத்தா காலில் கிடந்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன், இவள் ஆமா என்கிறாள். சாமி காரியத்துல கை வச்சியே, உனக்குப் பயமா இல்லையா என்றேன். நானா கேட்கிறேன் இதை என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. அம்மா வர்க்கியை ரெண்டாக ஒடித்தாள், துகள் மடியில் கொட்டியது, ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து வாயில் போட்டாள். "பயத்துலதான் பிரிச்சேன். எதுல வெள்ளை இருக்குது, எதுல செவப்பு இருக்குதுன்னு மின்னாடியே தெரிஞ்சா, அந்தக் கொழந்தை கைய நீட்டுறப்ப நெஞ்சு அடைக்காதுன்னு. மாத்தணும்னு பிரிக்கல. ஆத்தா மேல ஆணையா இல்ல. ஒண்ணப் பல்லுல கடிச்சுப் பிரிச்சேன், வெள்ளை. சரி, அப்ப அது செவப்புன்னு இன்னொண்ணத் தொட்டுக் கும்புட்டுட்டு வச்சிருக்கலாம். மனசு கேக்கல. அதையும் பிரிச்சேன்." நிறுத்தினாள். "ரெண்டும் வெள்ளை."

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஆடை படிந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு செவப்பா இருந்திருந்தா நான் அப்படியே கட்டி வச்சிருப்பேன் வாணி. எது வந்தாலும் தலைய ஆட்டியிருப்பேன். வெள்ளை வந்தா நீ முன்னால போ, நான் பின்னால வாரேன்னு ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன். நீ கேக்கவே உடல. ஆத்தாள வாயத் தொறக்க உடாம நீயே சொல்லிப்போட்ட. நீ சொல்லலாம், உன்ற அப்பா சொல்லலாம், அந்த டாக்டரு சொல்லலாம், அறுக்கறது என்னைய. அப்ப நானும் ஒண்ணு சொல்லலாம்ல. சொல்லிட்டேன்."

எனக்கு எத்தனையோ பதில் இருந்தது. டாக்டரம்மா சொன்னது, ரெண்டு மாசம், பெரியம்மா தள்ளிப்போட்டது. எல்லாம் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போனது. வந்தது இதுதான். "உனக்குப் பெரியம்மா மாதிரி ஆயிருமோன்னு பயம்." அம்மா என்னைப் பார்த்தாள். "அப்படி ஆனா யாரு கழுவறது" என்றாள். "நீதான கழுவோணும். பதினேழு வயசு. உன்னயக் கட்டிக்குடுக்காம, கதவச் சாத்திட்டு எனக்கு..." முடிக்கவில்லை. "கழுவறேன்" என்றேன். "அதுல என்ன. நாலு வேளை புழுப் பீ அள்றேன், உன்னுது அள்ள மாட்டனா." அம்மா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. நான் அவளைத் தொடவில்லை. எங்கே தொடுவது என்று தெரியவில்லை. முன்பெல்லாம் எங்கே வேண்டுமானாலும் தொடுவேன்.

மூக்கைச் சிந்திவிட்டு அவளே எழுந்தாள். போய் பூப் பறிச்சுட்டு வா என்றாள். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு, நெசமா. நீ கட்டு, நான் பாக்க மாட்டேன், கண்ண மூடிக்கறேன். உச்சிப் பூசைக்கு நட தொறந்திருக்கும். வெள்ளை வந்தா புதன்கிழமை வண்டியில நான்தான் மொதல்ல ஏறுவேன், ஒரு வார்த்த மொனக மாட்டேன். செவப்பு வந்தா நீ வாயத் தொறக்கக் கூடாது. டாக்டரு, ரெண்டு மாசம், ஒண்ணும் பேசக் கூடாது. சாகுறவரைக்கும் பேசக் கூடாது. ஒத்துக்கறயா. பாதிக்குப் பாதி. மறுபடியும் அந்தப் பாதிக்குப் பாதி. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் இப்போது இருக்கிற சிவப்பே நிற்கும், அது முழுசுக்கு முழுசு. அவளும் இதைத் தெரிந்துதான் கேட்கிறாள், பள்ளிக்கூடம் போகாதவள், என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறாள். சரி என்றேன். என் குரல் மாதிரி இல்லை. ஏமாற்றலாம் என்று ஒரு எண்ணம் வந்தது, மறைக்க மாட்டேன், கிணற்று மேட்டுக்கு நடக்கும்போதே வந்தது. வெள்ளையைப் பெரிதாகக் கட்டு, குழந்தை பெரிய பொட்டலத்தைத்தான் எடுக்கும். கை ரெண்டு மூன்று பூவை அதிகமாகவே பறித்துவிட்டது. அதைத் தண்ணீரில் போட்டேன். நாலு வெள்ளை. நாலு சிவப்பு. வெயில் தலையில் இறங்கியது, மோட்டார்த் தொட்டியில் தண்ணீர் தளும்பி நின்றது, அப்படியே உள்ளே இறங்கிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இலையை மடித்தேன். இந்தத் தடவை முடிச்சே விழவில்லை.

மொபெட் சத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். சட்டைப் பையில் போன், ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையிலேயே பிடித்திருந்தார், நம்பர் பார்ப்பதற்கு. அம்மா வாசலில் தலை துவட்டிக்கொண்டு நின்றாள், மறுபடியும் குளித்திருந்தாள். நான் தட்டோடு நின்றேன். தட்டில் ரெண்டு பொட்டலம், ஒரே மாதிரி. அப்பா அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மாறியது. "என்னது இது, ஏன் துளசி, ஆத்தாதான் சொல்லிப்போட்டாளே" என்றார். "ஒரு காரியத்துக்கு ரெண்டு தடவ கேக்கக் கூடாது கண்ணு, உனக்குத் தெரியாதா?" அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சொல்ல வேண்டியது நான்தான். மனைக்குள் புழு தின்கிற சத்தம் இங்கேவரைக்கும் கேட்டது, முதல் தடவையாக எனக்கும் அது மழை மாதிரிக் கேட்டது.

"இன்னும் ஒருக்காகூடக் கேக்கவே இல்லீங்கப்பா" என்றேன்.